19ஆவது திருத்தம்: சிறைக்குப் போனவர்களால் வந்ததா, வாக்குக் கணக்கு வைத்தவர்களால் வந்ததா?

கேள்வி: தாளடி

அமெரிக்க அரசியல் சட்டத்தின் 19ஆவது திருத்தத்தால் அங்குள்ள பெண்கள் வாக்குரிமை பெற்றதைப் பற்றிக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு மணி நேரம் பேச வேண்டும். தமிழில் கிடைக்கும் கட்டுரைகள் இரண்டு வகையாக இருக்கின்றன. ஒரு வகையில் ஆலிஸ் பால் வெள்ளை மாளிகை வாசலில் நின்றார், சிறையில் பட்டினி கிடந்தார், உரிமை வந்தது. இன்னொரு வகையில் டென்னசியில் ஓர் இளைஞர் அம்மாவின் கடிதத்தைப் படித்து மனம் மாறினார், உரிமை வந்தது. பெண்ணுரிமை கேட்டு 1848இல் நடந்த செனகா ஃபால்ஸ் கூட்டத்திலிருந்து 1920 வரை 72 ஆண்டுகள். அது ஒரு பட்டினியாலும் ஒரு கடிதத்தாலும் முடிந்திருக்குமா? உண்மையில் அந்தத் திருத்தம் எப்படி நிறைவேறியது, எங்கெங்கே தடுக்கி விழுந்தது, யார் எதைச் செய்தார்கள்? 'வீரம்' என்று மாணவர்களுக்கு எதைக் காட்டலாம்?

பதில் 1: கணக்குப்பிள்ளை

இரண்டு கதையிலும் எண்கள் இல்லை, அதுதான் குறை. முதலில் கரும்பலகையில் இதை எழுதிப் போடுங்கள்: பிரதிநிதிகள் சபையில் மூன்றில் இரண்டு பங்கு, செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு அன்றைய 48 மாநிலங்களில் 36 சட்டமன்றங்கள். இந்த மூன்று படிகளில் எந்த ஒன்று தவறினாலும் மற்ற இரண்டும் வீண்.

திருத்தத்தின் வாசகம் 1878 ஜனவரியிலேயே செனட்டுக்கு வந்துவிட்டது. கலிபோர்னியாவின் ஆரன் சார்ஜென்ட் கொண்டுவந்தார். அதே வாசகம்தான் 1920இல் சட்டமானது, இடையில் 42 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் நடந்ததெல்லாம் மாநிலம் மாநிலமாக ஆள் சேர்ப்பது. வயோமிங், கொலராடோ, யூட்டா, ஐடஹோ ஆகிய நான்கும் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்தன. அதன் பிறகு நீண்ட வறட்சி. 1910இல் வாஷிங்டன் மாநிலம், 1911இல் கலிபோர்னியா, கடைசியில் 1917 நவம்பரில் நியூயார்க். நியூயார்க் ஏன் முக்கியம் என்றால் அதற்குப் பிரதிநிதிகள் சபையில் 43 இடங்கள். பெண்களும் வாக்காளர்களாகிவிட்ட மாநிலத்தின் உறுப்பினர் பெண்களைப் பகைத்துக்கொள்ளத் தயங்குவார். தேசிய அமெரிக்கப் பெண் வாக்குரிமைச் சங்கத்தின் தலைவி கேரி சாப்மன் கேட் 1916இல் வகுத்த திட்டத்தின் உயிர்நாடி இதுதான்: வென்ற மாநிலங்களின் பெண் வாக்குகளை நெம்புகோலாக வைத்துக் காங்கிரஸை நகர்த்துவது.

நியூயார்க் வென்று இரண்டே மாதத்தில், 1918 ஜனவரி 10 அன்று, பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பு. ஆதரவு 274, எதிர்ப்பு 136. மொத்தம் 410, அதில் மூன்றில் இரண்டு பங்கு 273.33. அதாவது தேவையான 274 அப்படியே கிடைத்தது, கூடுதலாக ஒன்றுகூட இல்லை. அன்று ஆதரவாளர்கள் நான்கு பேர் வந்த விதத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். இலினாயின் மேன் மருத்துவமனையிலிருந்து எழுந்து வந்தார். டென்னசியின் சிம்ஸ் எலும்பு முறிந்த நிலையில் வந்தார். இந்தியானாவின் பார்ன்ஹார்ட்டை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தார்கள். நியூயார்க்கின் ஹிக்ஸ் சாகக் கிடந்த மனைவியை விட்டு வந்து வாக்களித்துவிட்டு, இறுதிச் சடங்குக்குத் திரும்பினார்.

மாணவர்களையே கணக்குப் போடச் சொல்லலாம். நால்வரில் இரண்டு பேர் வராமல் போயிருந்தால் 272க்கு 136, அப்போதும் சரியாக மூன்றில் இரண்டு பங்கு, தீர்மானம் பிழைத்திருக்கும். மூன்று பேர் வராமல் போயிருந்தால் 271க்கு 136. தேவை 271.33. செத்திருக்கும்.

அடுத்து செனட். அங்கேதான் அடி. 1918 செப்டம்பர் 30 அன்று ஜனாதிபதி வில்சனே நேரில் வந்து கேட்டார். மறுநாள் இரண்டு வாக்குக் குறைவில் தோற்றது. 1919 பிப்ரவரியில் ஒரு வாக்குக் குறைவில் மறுபடி தோற்றது. இந்த இரண்டு தோல்விகளுக்கு நடுவே, 1918 நவம்பர் தேர்தலில், பெண்கள் எதிர்ப்பாளர்களைக் குறிவைத்து வேலை செய்தார்கள். மாசசூசெட்ஸின் வீக்ஸும் டெலவேரின் சால்ஸ்பரியும் பதவியிழந்தார்கள். புதிய செனட் 1919 ஜூன் 4 அன்று 56க்கு 25 என்று நிறைவேற்றியது.

இதையெல்லாம் எண்ணிக் கொண்டிருந்தது யார்? ஆலிஸ் பாலின் தேசிய மகளிர் கட்சியில் மாட் யங்கர் பொறுப்பில் ஒரு கார்டு அடுக்கு இருந்தது. ஒவ்வொரு காங்கிரஸ் உறுப்பினருக்கும் ஒரு கார்டு அல்ல, ஒரு கட்டு. பிறந்த ஊர், தொழில், முந்தைய வாக்குகள், அவர் பேச்சைக் கேட்கக்கூடிய உள்ளூர்ப் பிரமுகர்கள், செய்தித்தாள்கள், மனைவி, அம்மா, காலையில் எத்தனை மணிக்கு அலுவலகம் வருவார் என்பது வரை. எதிர் முகாம் போலத் தெரிந்த கேட் அமைப்பில் மாட் வுட் பார்க் இதே வேலையைச் செய்தார். அவருடைய தொண்டர்களுக்குக் கொடுக்கப்பட்ட விதிகள் இன்றும் எந்தக் கோரிக்கைக்கும் பொருந்தும்: நச்சரிக்காதே, மிரட்டாதே, கோபப்படாதே, அதிக நேரம் உட்காராதே, லிஃப்டிலும் தாழ்வாரத்திலும் டிராமிலும் பேசாதே, தெரிந்ததை எல்லாம் சொல்லிவிடாதே. அடுத்து வருகிற பெண்ணுக்குக் கதவு மூடிக்கொள்ளும்படி எதையும் செய்யாதே.

கூட்டத்தில் நின்று கைதட்டல் வாங்குவதைவிட, முகத்தில் அடித்தாற்போல் மறுத்தவரின் அறைக்கு ஏழாவது முறை போய்ச் சிரித்துப் பேசுவது எனக்குப் பெரிய வீரமாகத் தோன்றுகிறது.

பதில் 2: வடகரை

கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன எண்கள் சரி. ஆனால் சிறைக்குப் போனதை வெறும் உணர்ச்சிக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். அதிலும் கணக்கு இருந்தது, சட்டக் கணக்கு.

முதலில் ஒரு பிழையைக் களைய வேண்டும். 1917 நவம்பர் 14 இரவு, வர்ஜீனியாவின் ஒகோக்வான் சிறையில் காவலர்கள் பெண்களை அடித்து இழுத்துப் போட்ட இரவு. லூசி பர்ன்ஸின் கைகளைத் தலைக்கு மேல் கம்பியில் விலங்கிட்டார்கள். டோரா லூயிஸை இருட்டறைக்குள் தள்ளியதில் தலை இரும்புக் கட்டிலில் மோதியது. பல தமிழ்க் கட்டுரைகள் ஆலிஸ் பாலை அந்த இடத்தில் நிறுத்துகின்றன. அவர் அங்கே இல்லை. அக்டோபரிலேயே ஏழு மாதத் தண்டனை பெற்று வாஷிங்டன் நகரச் சிறையில் இருந்தார். உண்ணாவிரதம், கட்டாயமாகக் குழாய்வழி உணவு ஏற்றல், மனநோயாளர் பிரிவில் அடைத்தல் எல்லாம் அவருக்கு அங்கேதான் நடந்தன.

இப்போது கணக்கு. வெள்ளை மாளிகை வாசலில் மறியல் 1917 ஜனவரி 10 அன்று தொடங்கியது. கைது ஜூனில்தான் ஆரம்பித்தது. குற்றச்சாட்டு போக்குவரத்துக்கு இடையூறு. வாசகத் தட்டியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்பதைக் குற்றமாக்க வேறு சட்டம் கிடைக்கவில்லை. முதல் ஆறு பேருக்கு 25 டாலர் அபராதம் அல்லது மூன்று நாள் சிறை. ஆறு பேரும் அபராதம் கட்ட மறுத்தார்கள்.

ஏன் கட்டக் கூடாது? இதற்கு 1873க்குப் போக வேண்டும். சூசன் பி. ஆந்தனி 1872 தேர்தலில் ராச்செஸ்டரில் வாக்களித்ததற்காகக் கைதானார். அவர் ஜாமீன் கட்ட மறுத்தபோது வழக்கறிஞர் செல்டன் மனம் தாங்காமல் தாமே கட்டிவிட்டார். சிறையில் இல்லாதவருக்கு ஆட்கொணர்வு மனு கிடையாது. அந்த வழியாக உச்ச நீதிமன்றம் போகும் வாய்ப்பு அங்கேயே போயிற்று. விசாரணையில் நீதிபதி ஜூரியைக் கலந்துபேசவே விடாமல் குற்றவாளி என்று தீர்ப்பெழுதி 100 டாலர் அபராதம் போட்டார். ஆந்தனி ஒரு சென்ட்கூடத் தர மாட்டேன் என்றார். கட்டும்வரை சிறை என்று நீதிபதி உத்தரவிடவில்லை. அப்படிச் செய்திருந்தால் மேல்முறையீட்டுக் கதவு திறந்திருக்கும். நல்லெண்ணத்தில் கட்டிய ஜாமீனால் ஒரு வழக்கே மூடிப்போனது.

1917இல் நின்ற பெண்கள் உள்ளேயே இருந்தார்கள். அதனால்தான் நவம்பர் 23 அன்று அலெக்சாண்டிரியாவில் ஆட்கொணர்வு மனு விசாரணைக்கு வந்தது. நகரச் சிறைக்கு அனுப்பப்பட்டவர்களை ஒகோக்வானில் வைத்தது சட்டவிரோதம் என்று நீதிபதி வாடில் சொன்னார். அடுத்த சில நாட்களில் எல்லோரும் விடுதலை. 1918 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனைகளை ரத்து செய்தது: குற்றச்சாட்டில் இவர்கள் என்ன செய்தார்கள் என்றே தெளிவாக எழுதப்படவில்லை.

விடுதலைக்கும் பிரதிநிதிகள் சபை வாக்கெடுப்புக்கும் இடையே ஆறு வாரம்தான். பட்டினியால் வாக்கு வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் செய்தித்தாளின் முதல் பக்கத்தை அவர்கள் பிடித்து வைத்திருந்ததால், அறைக்குள் உட்கார்ந்து பேசிய மாட் வுட் பார்க்கின் பெண்கள் மிதவாதிகளாகத் தெரிந்தார்கள்.

பதில் 3: ஏரிக்கரை

டென்னசிக் கடிதத்துக்கு வருகிறேன். ஃபெப் பர்ன் மகன் ஹாரிக்கு ஏழு பக்கக் கடிதம் எழுதியது உண்மை. பெரும்பகுதி வீட்டுச் செய்தி, நடுவே வாக்குரிமைக்கு ஆதரவாக நில் என்று சில வரிகள். ஹாரிக்கு வயது 24. ஆனால் அந்தக் கடிதம் தீர்மானகரமாக ஆனதற்குச் சபை விதிதான் காரணம், அதை யாரும் விளக்குவதில்லை.

1920 ஆகஸ்ட் 18. 35 மாநிலங்கள் ஒப்புதல் தந்தாயிற்று, இன்னும் ஒன்று வேண்டும். 99 இடங்கள் கொண்ட சபையில் 96 பேர் இருந்தார்கள். சபாநாயகர் சேத் வாக்கர் முன்பு ஆதரிப்பதாக வாக்குறுதி கொடுத்துவிட்டு எதிர்த் தரப்புக்கு மாறியவர். தீர்மானத்தைக் கிடப்பில் போட வேண்டும் என்று கேட்டார். உறுப்பினர் பாங்க்ஸ் டர்னர் அதை எதிர்த்து வாக்களித்ததால் 48க்கு 48. மறுபடி எண்ணச் சொன்னார், மறுபடி 48க்கு 48. இந்த இரண்டு முறையும் ஹாரி பர்ன் வாக்கரோடுதான் நின்றார்.

சமநிலை வந்தால் எந்தத் தீர்மானமும் தோற்கும். கிடப்பில் போடும் தீர்மானம் தோற்றாலும் வாக்கர் தரப்பு கலங்கவில்லை. அதே 48க்கு 48 மூலத் தீர்மானத்துக்கு வந்தால் அதுவும் தோற்கும் அல்லவா? அந்த நம்பிக்கையில்தான் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். ஹாரி 'ஆம்' என்றார். 49க்கு 47.

வாக்கர் உடனே தம் வாக்கையும் 'ஆம்' என்று மாற்றினார். வென்ற பக்கத்தில் வாக்களித்தவர்தான் மறுபரிசீலனை கேட்க முடியும் என்பது விதி. அந்தத் தந்திரம் அவர் மீதே திரும்பியது. எண்ணிக்கை 50 ஆனதும், மொத்தமுள்ள 99 இடங்களில் பெரும்பான்மை இல்லை என்று பின்னால் வழக்குப் போடக்கூடிய ஓட்டையும் அடைந்துபோயிற்று.

அப்புறம் ஆள் பிடிக்கும் வேலை. மறுபரிசீலனைக்கு ஆள் சேராததால் எதிர்ப்பாளர்கள் சபை நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை (கோரம்) இல்லாமல் செய்ய இரவோடு இரவாக ரயிலேறி அலபாமாவின் டிகேட்டருக்குப் போனார்கள். ஆளுநர் ராபர்ட்ஸ் ஆகஸ்ட் 24 அன்று சான்றிதழில் கையெழுத்திட்டு அனுப்பினார். 26 அதிகாலை அது வாஷிங்டன் வந்தது. வெளியுறவுச் செயலர் கோல்பி தம் வீட்டிலேயே, காலையில், யாரையும் கூப்பிடாமல் கையெழுத்திட்டார். இரண்டு அமைப்புப் பெண்களும் பக்கத்தில் இல்லை. மாத இறுதியில் டென்னசி சபை ஒப்புதலைத் திரும்பப் பெற வாக்களித்தது. காலம் கடந்துவிட்டது.

இன்னொரு முட்டுக்கட்டை இருந்தது. திருத்தம் அனுப்பப்பட்ட பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம்தான் ஒப்புதல் தரலாம் என்று டென்னசி அரசியல் சட்டமே சொன்னது. 1920 ஜூன் 1 அன்று ஓஹையோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை வைத்துத்தான் அந்தப் பிரிவு செல்லாது என்ற சட்டக் கருத்து பெறப்பட்டது. அது இல்லாமல் சிறப்புக் கூட்டமே கூடியிருக்காது.

பதில் 4: செம்புலம்

மூன்று பதில்களும் 1920இல் நின்றுவிட்டன. மாணவர்கள் கேட்பார்கள்: எல்லாப் பெண்களுக்குமா? திருத்தம் சொன்னது பாலினத்தைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்பது மட்டும்தான். தேர்வு வைத்து மறுக்கலாம், தலைவரி கேட்டு மறுக்கலாம். தெற்கில் கறுப்பினப் பெண்களுக்கு அதுவே நடந்தது.

மிசிசிப்பியின் கறுப்பினத் தோட்டத் தொழிலாளி ஃபேனி லூ ஹேமரை எடுத்துக்கொள்ளுங்கள். 1962 ஆகஸ்ட் 31 அன்று 18 பேர் பஸ்ஸில் மிசிசிப்பியின் இண்டியனோலா நீதிமன்றத்துக்குப் பதிவு செய்யப் போனார்கள். 21 கேள்விகள் கொண்ட படிவம். மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவை எழுதி விளக்க வேண்டும். ஹேமருக்கு வந்தது, அவரே சொன்னபடி, 'டி ஃபாக்டோ' (நடைமுறையில் உள்ள) சட்டங்கள் பற்றியது. தேறவில்லை. திரும்பும் வழியில் பஸ் பள்ளி பஸ்ஸைப்போல மஞ்சளாக இருக்கிறது என்று ஓட்டுநருக்கு 100 டாலர் அபராதம் கேட்டார்கள், கையிலிருந்த 30 டாலரைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அன்றிரவே 18 ஆண்டு வேலை செய்த தோட்டத்திலிருந்து அவர் வெளியேற்றப்பட்டார். விண்ணப்பித்தவர் பெயரை இரண்டு வாரம் செய்தித்தாளில் போட வேண்டும் என்றும் அந்த ஆண்டு சட்டம் வந்தது. முதலாளிக்கும் மிரட்டுபவனுக்கும் தனியாகத் தகவல் சொல்ல வேண்டியதில்லை. 1963 ஜனவரி 10 அன்று தேர்வில் தேறினார். ஆனால் வாக்களிக்கப் போனபோது இரண்டு ஆண்டுத் தலைவரி ரசீது கேட்டார்கள். அந்த ஜூனில் வைனோனா சிறையில் அவரை அடித்ததில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது.

1964 ஆகஸ்ட் 22 அன்று அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில், மிசிசிப்பியின் வெள்ளையர் பிரதிநிதிகளுக்குப் பதில் தங்கள் குழுவை ஏற்கக் கேட்டு, தகுதிச் சான்றுக் குழு முன் இதைச் சொன்னார். பேச்சு ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கும்போதே ஜனாதிபதி ஜான்சன் திடீர்ச் செய்தியாளர் சந்திப்பு வைத்துத் தொலைக்காட்சியைத் திருப்பினார். அன்றிரவு செய்தியில் முழு நாடும் பார்த்தது. இங்கும் கணக்கு உண்டு. குழுவில் 11 பேர் கையெழுத்திட்டால் சிறுபான்மை அறிக்கை மாநாட்டு மேடைக்குப் போகும், எட்டு மாநிலங்கள் கேட்டால் பெயர் கூப்பிட்டு வாக்கெடுப்பு. கையெழுத்திட்டவர்களை ஒவ்வொருவராக நெருக்கி விலக வைத்தார்கள். இரண்டு இடம் தருகிறோம் என்றார்கள். இவ்வளவு தூரம் வந்தது இரண்டு இடத்துக்காக அல்ல என்று ஹேமர் மறுத்தார். வாக்குரிமைச் சட்டம் 1965 ஆகஸ்ட் 6 அன்று வந்தது. 1968 சிகாகோ மாநாட்டில் ஹேமர் மிசிசிப்பிப் பிரதிநிதியாக உட்கார்ந்தார்.

தாளடி

நன்றி, நான்கு பேருக்கும். 274, 49, 11 என்ற மூன்று எண்களைச் சுற்றிப் பேச்சை அமைக்கிறேன். ஒரு சந்தேகம்: திருமணத்தால் வாக்குரிமை போனது என்று ஒரு வரி பார்த்தேன், அது சரியா?

வடகரை

சரி. 1907 சட்டப்படி வெளிநாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண் குடியுரிமை இழந்தாள். 1922இல் கேபிள் சட்டம் அதைத் தளர்த்தியது, ஆனால் குடியுரிமை பெறத் தகுதியற்றவரை மணந்தவர்களுக்குத் தளர்வு இல்லை. அடுத்த ஆண்டே தின்ட் என்ற இந்தியரின் வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் இந்தியர்களும் அந்தத் தகுதியற்றோர் பட்டியலில் வந்தார்கள். எனவே இந்தியரை மணந்த அமெரிக்கப் பெண் 1920இல் கிடைத்த வாக்கை மணமேடையிலேயே இழந்தாள். 1931இல்தான் அது நீங்கியது.

ஏரிக்கரை

பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மிசிசிப்பி சட்டமன்றம் 19ஆவது திருத்தத்துக்கு ஒப்புதல் தந்தது 1984 மார்ச் 22 அன்று. அப்போது ஹேமர் இறந்து ஏழு ஆண்டு ஆகியிருந்தது.