மரத்தூள் கரியான கதை: புதுப்பிப்பு

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: மொறட்டுவை மரக்காலையில் வாங்கிய ரப்பர் மரத்தூளை எண்ணெயாக்கலாமென்று மூடிய அழுத்தக் கலனில் தண்ணீரோடு 280 பாகை செல்சியசில் வேகவைத்தால் உள்ளே தார்க்கட்டிதான் மிஞ்சுகிறது என்று. "தண்ணீரை விட்டு எதனோலுக்கு (மதுசாரத்துக்கு) மாறிப் பாருங்கோ" என்று சொன்ன அண்ணாவுக்கு ஒரு பிளேன்டீ கடன்.

மாறினேன். அதே 280 பாகைதான். ஆனால் தண்ணீர் தன் அவதி நிலையை (திரவம், வாயு என்ற பேதம் மறையும் எல்லையை) தொட 374 பாகை வேண்டும்; எதனோலுக்கு 241 பாகையும் 61 பார் அளவு அழுத்தமும் போதும். அதைத் தாண்டினால் அது திரவமுமில்லை, வாயுவுமில்லை. வாயுபோல மரத்துக்குள் நுழைகிறது, திரவம்போலக் கரைக்கிறது.

என் கரிக்குக் காரணமும் இப்போதுதான் பிடிபட்டது. மர நார்களைப் பசைபோலப் பிடித்து வைத்திருக்கும் இலிக்னினின் ஈதர்ப் பிணைப்புகள் (ஒட்சிசன் வழியான இணைப்புகள்) அறுந்ததும் அந்தத் துண்டுகள் சும்மா இருக்காது, மறுபடி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். எதனோல் ஐதரசன் கொடுத்தும், தன் எதைல் கூட்டத்தை ஒட்டவைத்தும் அவற்றின் வாயை அடைத்துவிடுகிறது.

வியாழன் பின்னேரம் கலன் நன்றாக ஆறி, வாயுவை வெளியேற்றி, மூடியைக் கழற்றினேன். கித்துள் பாணி நிறத்தில் எண்ணெய். கருவாடு சுட்ட அடுப்படிபோலப் புகை மணம். இலிக்னின் உடைந்து வரும் குவாயக்கோல் வகைப் பீனோல்களின் வேலை. அடியில் கரையாத தூள் கொஞ்சம் கிடந்தது, ஆனால் உளி தேவைப்படவில்லை!

குறை ஒன்று: ஊற்றிய எதனோல் முழுதாகத் திரும்பவில்லை. ஒரு பங்கு விளைபொருளிலேயே சேர்ந்துவிடுகிறது. செலவுக் கணக்கில் இதுதான் இடிக்கிறது.

இதை வீட்டுப் பிரஷர் குக்கரில் செய்யலாமா என்று உள்பெட்டியில் கேட்ட தம்பிக்கு: வேண்டாம், ராசா. அது 2 பார் தாங்கும் சாமான்.