கூகைக் குஞ்சு: கூட்டுக்கே திருப்புவதா, எடுத்து வளர்ப்பதா?

இரவாடி:
பழைய கட்டடம் இடிக்கும்போது கிடைக்கிற கூகை ஆந்தைக் குஞ்சை உடனே மீட்பு மையத்துக்குத் தூக்கிட்டு ஓடுறதுதான் முதல் தப்பு. காயமில்லாம, உடம்பு சூடா இருந்தா அன்னைக்கு இருட்டுறதுக்குள்ள கூட்டிலேயே வைங்க. மனுசக் கை பட்டா தாய் ஒதுக்கிடும்னு சொல்றது கட்டுக்கதை. கூடு போயிருந்தா பக்கத்துலயே மரப்பெட்டி மாட்டுங்க. வாசல் விளிம்புலேர்ந்து பெட்டியின் அடிப்பலகை வரை 45 செ.மீ. ஆழம் வேணும். ஆழம் குறைஞ்சா குஞ்சு மறுபடி விழும்.

சுள்ளிக்கூடு:
தாய் உயிரோட இருந்தால்தானே? புரோமாடியலோன்ங்கிற எலிவிஷம் தின்ன எலியைப் பிடிச்சுத் தின்னு தாய் செத்திருந்தா பெட்டி மாட்டி என்ன பயன்? இன்னொண்ணு, "தாய் வரும்"னு கேட்டுட்டு மரத்தடியிலேயே விட்டுட்டுப் போறாங்க. தரையில கிடக்கிற குஞ்சுக்குக் கூகை பெரும்பாலும் இரை கொடுக்காது. விடிஞ்சா நாய், காக்கா.

இரவாடி:
தாய் இல்லைன்னா வேற கூகைக் கூட்டில் சேர்க்கலாமே. கூகைக்கு எண்ணத் தெரியாது. ஒரு வாரத்துக்கு மேல வயசு வித்தியாசம் இல்லாம பார்த்துக்கணும், அவ்வளவுதான். அந்தக் கூட்டில் தின்னாத எலி மிஞ்சிக் கிடந்தா இன்னும் நல்லது.

சுள்ளிக்கூடு:
அப்படிக் கூடு கிடைச்சா நானும் அதைத்தான் சொல்வேன். கிடைக்காதப்ப வளர்த்துத்தான் ஆகணும். கெடுறது வளர்க்கிற முறையில:

சில்லிட்ட குஞ்சுக்கு இரை கொடுக்காதீங்க, செரிக்காது. முதல்ல சூடு. அலகுல தண்ணி ஊத்தினா நுரையீரலுக்குப் போயிடும். இறைச்சியிலிருக்கிற ஈரமே போதும். வெறும் கோழிக்கறி கொடுத்தா சுண்ணாம்புச்சத்து இல்லாம கால் வளையும். எலியை எலும்போடதான் நறுக்கிக் கொடுக்கணும். வளர்ந்ததும் முழுச் சுண்டெலி, ஒரு ராத்திரிக்கு 3 அல்லது 4. வீட்டுப் பொறியில விழுந்த எலி வேண்டவே வேண்டாம், விஷம் இருக்கலாம். ஒத்தைக் குஞ்சா வளர்த்தா மனுசனையே தன் இனம்னு நினைச்சுக்கும், அப்புறம் காட்டுக்கு ஆகாது. ரெண்டு மூணா சேர்த்து வைங்க, பேச்சுக் கொடுக்காதீங்க. கூண்டுக்குக் கம்பி வலை போட்டா இறகு முறியும். மூங்கில் பட்டையைச் செங்குத்தா அடிங்க.

நெல்வயல்:
ரெண்டு பேருமே சட்டத்தை மறந்துட்டீங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள்ள வனத்துறை அதிகாரிக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்கணும். வளர்க்கிறது அனுமதி உள்ளவங்க வேலை.

இரவாடி:
அது சரி. ஆனா வளர்த்ததை வேட்டைச் சோதனை இல்லாமலே திறந்து விடுறாங்களே! தொட்டியில வைக்கோல் போட்டு உயிர் எலி விட்டு, பல ராத்திரி தொடர்ந்து பிடிக்குதா, எடை குறையாம இருக்கான்னு பார்க்கணும்.

சுள்ளிக்கூடு:
கூகைக்கு வேட்டை பிறவியிலேயே உண்டு. தேவை அவகாசம். வயலோரப் பெட்டியில குடியேத்தி, பறக்கத் தொடங்கின பிறகும் தினம் அந்தியில இரை வைங்க. தானா வர்றதை நிறுத்தும். தொட்டிக்குள்ள எலி பிடிக்கிறதும் நெற்பயிருக்குள்ள பிடிக்கிறதும் ஒண்ணா?

இரவாடி:
ஒண்ணு இல்ல. ஆனா தொட்டியிலேயே பிடிக்காதது வயல்ல பிடிக்குமா?

நெல்வயல்:
எதைச் செஞ்சாலும் விட்ட இடத்தை இங்க எழுதாதீங்க. தீபாவளி நெருங்குது, மாந்திரீகத்துக்கு ஆந்தை தேடுறவன் இதையும் படிப்பான்.