ரீபூட் செஞ்சா மட்டும் என்ஜின்எக்ஸ் எழ மாட்டேங்குது

இரவுக்காவல்:
மூணு நாளா மல்லுக்கட்டுறேன். சர்வரை ரீபூட் செஞ்சா என்ஜின்எக்ஸ் (நம்ம வெப் சர்வர்) 'ஃபெயில்டு'ன்னு கிடக்குது. உள்ளே போய் நானே ஸ்டார்ட் கொடுத்தா, ஒரு முணுமுணுப்பும் இல்லாம எழுந்துக்குது. கான்ஃபிக் டெஸ்ட் ஓட்டினா எல்லாம் சரிங்குது. பூட் ஆகும்போது தானா எழணும்னு இனேபிள் செஞ்சுதான் வச்சிருக்கேன்.

புதுவிசை:
இன்னொரு வெப் சர்வரான அப்பாச்சி 80-ஆம் போர்ட்டைப் பிடிச்சிருக்கும், பாருங்க.

இரவுக்காவல்:
அப்பாச்சி இந்த மெஷின்லயே இல்லைங்க. 80, 443 ரெண்டும் காலி.

பழைய_டெர்மினல்:
போர்ட்டை யாராவது பிடிச்சிருந்தா கையால ஸ்டார்ட் கொடுத்தாலும் எழாது. ஜர்னல்சிடிஎல் -யூ என்ஜின்எக்ஸ் -பி போட்டு, இந்த பூட்டுல என்ஜின்எக்ஸ் எழுதின லாக்ல மேலே முதல் சில வரிகளைப் படிங்க. நீங்க ஸ்டார்ட் செஞ்சதுக்கு அப்புறம் ஸ்டேட்டஸ் பார்த்தா நல்லது மட்டும்தான் தெரியும்.

இரவுக்காவல்:
'ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட் இன் அப்ஸ்ட்ரீம்'. ரிக்வெஸ்டைப் பின்னாடி இருக்கிற சர்வருக்கு (பேக்எண்ட்) அனுப்புற பிராக்ஸி பாஸ் வரியில அந்த பேக்எண்டோட பேரைக் கொடுத்திருக்கேன். ஆனா அந்தப் பேருக்கு பிங் போகுதே அண்ணே!

பழைய_டெர்மினல்:
இப்போ போகும். பூட் ஆகுற அந்த நேரத்துல, பேரை ஐபியா மாத்தித் தர்ற டிஎன்எஸ் இன்னும் கண் முழிச்சிருக்காது. பிராக்ஸி பாஸ்ல நேரா எழுதின பேரை, கான்ஃபிக்கைப் படிக்கும்போதே ஐபியா மாத்தப் பார்க்கும். கிடைக்கலேன்னா அந்த ஒரு பேருக்காக மொத்த சர்வரும் படுத்துடும். ரீலோடா இருந்தா பழைய கான்ஃபிக்கோட தப்பிச்சிருக்கும், புதுசா ஸ்டார்ட் ஆகும்போதுதான் மாட்டும். இதே பிரச்சினையில டிஸ்க், பர்மிஷன்னு ஒரு ராத்திரி முழுக்கத் தேடினவன் நான்.

நெட்வொர்க் வந்த பிறகுதான் என்ஜின்எக்ஸ் எழணும். அதுக்கு சிஸ்டம்சிடிஎல் எடிட் என்ஜின்எக்ஸ் போட்டு, யூனிட் பகுதியில ஆஃப்டர், வான்ட்ஸ் ரெண்டுக்கும் நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் கொடுங்க. வெறும் நெட்வொர்க்.டார்கெட் போதாது, அது நெட்வொர்க் இணைஞ்சாச்சான்னு பார்க்காது. நெட்வொர்க் இணையுற வரைக்கும் காத்திருக்கிற வெயிட்-ஆன்லைன் சர்வீஸ் இனேபிள் ஆகியிருக்கான்னும் பாருங்க. இல்லேன்னா அந்த டார்கெட் பேருக்குத்தான்.

இரவுக்காவல்:
வெயிட்-ஆன்லைன் டிஸேபிள்ல இருந்துச்சு! மாத்திட்டு ரெண்டு தடவை ரீபூட் செஞ்சேன், தானா எழுந்துடுச்சு. பேரை வேரியபிள்ல வச்சாலும் சரியாகும்னு ஒருத்தர் சொன்னாரே?

பழைய_டெர்மினல்:
ஆகும். எந்த டிஎன்எஸ் சர்வர்கிட்ட கேக்கணும்னு சொல்ற ரிசால்வர் வரியும் சேர்க்கணும், அப்போ ரிக்வெஸ்ட் வரும்போதுதான் பேரைத் தேடும். ஆனா பிராக்ஸி பாஸ் கடைசியில சாய்கோடு (/) இருந்தா எடுத்துடுங்க. வேரியபிளோட அது இருந்தா எந்தப் பாதையைக் கேட்டாலும் பேக்எண்டுக்கு வெறும் சாய்கோடுதான் போய்ச் சேரும்.