மணல் கொல்லையில் மல்லாட்டை (நிலக்கடலை): ஜிப்சம் போடாமல் விட்ட வருஷம்

எங்கள் ஊர் பண்ருட்டிக்குக் கிழக்கே. கொல்லை முழுக்க மணல். கையில் அள்ளினால் விரல் இடுக்கில் ஒழுகிவிடும். மல்லாட்டைக்கு இதைவிட நல்ல மண் கிடையாது என்பார் அப்பா. பூவிலிருந்து மண்ணுக்குள் போய்க் காய் பிடிக்கும் விழுது சுலபமாக இறங்கும், பிடுங்கும்போது காய் அறுந்து மண்ணில் தங்காது. ஆனால் போட்ட உரமும் தங்காது. அதை நஷ்டப்பட்டுத்தான் கற்றேன்.

மூன்று வருஷத்துக்கு முன் மார்கழிப் பட்டத்தில் ஒன்றரை ஏக்கர் போட்டேன். செடி வெளுத்த மாதிரி தெரிந்ததால் யூரியா இரண்டு தடவை. காய் கெட்டிப்படட்டும் என்று பூ எடுத்த சமயத்தில் பொட்டாஷைச் செடியடியிலேயே வைத்தேன். ஜிப்சம் வாங்கவே இல்லை. அது களர் நிலத்துக்குப் போடுவது என்றுதான் நினைத்திருந்தேன். செடி அப்படி ஒரு பச்சை, வழியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

பிடுங்கிய அன்று அம்மா ஒரு காயை உடைத்தார். வெறும் பொக்கு. அடுத்ததில் ஒரு அறையில் மட்டும் பருப்பு, அதுவும் சுருங்கியிருந்தது. பிளந்து பார்த்தால் உள்ளே முளைக்குருத்து கறுத்துக் கிடந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

அப்புறம் ஒரு வேளாண் அலுவலர் விளக்கினார். வேர் எடுக்கும் கால்சியம் இலைக்கு ஏறிவிடும், அங்கிருந்து காய்க்கு இறங்காது. மண்ணுக்குள் போன விழுதும் பிஞ்சும் தம்மைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தாமே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். மணலில் அது ஏற்கெனவே குறைவு, அதைக் கொடுப்பதுதான் ஜிப்சம். அந்த நேரத்தில் செடியடியில் பொட்டாஷைக் குவித்தால் கால்சியத்தோடு போட்டி போடும். நான் செய்தது அதைத்தான்.

இப்போது 40–45ஆம் நாள் களை வெட்டும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தைச் செடியடியில் தூவி மண் அணைக்கிறேன். ஈரம் இருக்க வேண்டும், காய்ந்த மண்ணில் கரையாது. அதற்குப் பிறகு கொல்லையில் கொத்து வைப்பதில்லை, விழுது அறுந்துபோகும். பொட்டாஷ் அடியுரத்தோடு சரி. காற்றிலிருந்து தழைச்சத்தைச் செடிக்குப் பிடித்துத் தரும் ரைசோபியம் நுண்ணுயிரை விதையில் கலப்பதால் யூரியாவையும் குறைத்துவிட்டேன். முதல் வருஷம் சோதனைக்காக இரண்டு பாத்தியை ஜிப்சம் இல்லாமல் விட்டேன். அந்தப் பாத்திக் காயைக் குலுக்கினாலே வித்தியாசம் காதில் கேட்டது.

பதில் (வேதாரண்யம் பக்கம்):
அண்ணா, எங்களுக்கும் கடற்கரை மணல்தான். ஜிப்சம் தவறாமல் போட்டும் ஒரு வருஷம் பருப்பு வெளியே நன்றாக இருந்தது, இரண்டாகப் பிளந்தால் நடுவில் குழி விழுந்து பழுப்பேறியிருந்தது. போரான் குறைவாம். போரான் உள்ள போராக்ஸை ஏக்கருக்கு 4 கிலோ போட்ட பிறகு அந்தக் குழி தெரியவில்லை.

பதில்:
அந்தக் குழியை நானும் போன அறுவடையில் சில பருப்பில் பார்த்தேன் தம்பி, பூச்சி என்று விட்டுவிட்டேன். போராக்ஸை அடியுரத்தோடு போட்டீர்களா, ஜிப்சத்தோடு கலந்தா? தை மாதம் மண் அணைக்க வேண்டும், அதற்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.