ஆறு மாலைகளில் மூன்றுக்குத்தான் போக முடியும், எதை எடுப்பது?

சன்னலோரம் எழுதியது:

உள்ளூர் இசைச் சங்கத்தின் அடுத்த சீசன் அட்டவணை கைக்கு வந்திருக்கிறது. மொத்தம் ஆறு மாலை, எல்லாமே சேம்பர் இசை, அதாவது சில பேர் மட்டும் சேர்ந்து வாசிப்பது. முழு சீசனுக்கும் போக எனக்கு நேரம் இடிக்கும். நமக்குப் பிடித்த மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும் பாஸ் ஒன்று இருக்கிறது, அதை வாங்கலாம் என்றிருக்கிறேன்.

சிம்பொனி கொஞ்சம் கேட்டிருக்கிறேன், எல்லாம் ஹெட்போனில்தான். அதில் எதைக் கவனிக்க வேண்டும் என்று ஆர்கெஸ்ட்ராவே சொல்லிவிடும். டிரம்பெட் வந்தால் தானாக நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவோம். குவார்டெட் (இரண்டு வயலின், சற்றுப் பெரிய வயோலா, இன்னும் பெரிய செல்லோ) போட்டால் சீக்கிரமே மனம் வேறெங்கோ போய்விடுகிறது. நான்கு பேரும் வில்லால் இழுக்கிறார்கள், யார் எங்கே இருக்கிறார்கள் என்று காதுக்குப் பிடிபடவில்லை. நேரில் பார்த்தால் பிடிபடும் என்கிறார்கள்.

அட்டவணை இதுதான். முதல் மாலை ஒரு குவார்டெட்: ஹைடன் ஓபஸ் (படைப்பு வரிசை எண்) 76 எண் 3, ஷோஸ்டகோவிச்சின் எட்டாவது, இடைவேளைக்குப் பிறகு ஷூபர்ட் டி மைனர். இரண்டாவது பியானோ ட்ரியோ (பியானோ, வயலின், செல்லோ): பீத்தோவனின் ‘ஆர்ச்டியூக்’, த்வொர்ஷாக்கின் ‘டும்கி’. மூன்றாவது கிளாரினெட்டும் குவார்டெட்டும்: மொசார்ட் கே. 581, பிராம்ஸ் ஓபஸ் 115. நான்காவது வயலினும் பியானோவும்: பீத்தோவனின் ‘ஸ்பிரிங்’ சொனாட்டா, டெபுஸி, ஃபிராங்க். ஐந்தாவது மறுபடி குவார்டெட்: பார்டோக்கின் நான்காவது, பீத்தோவன் ஓபஸ் 131. கடைசி மாலை ஷூபர்ட்டின் சி மேஜர் குயின்டெட் (ஐந்து பேர் வாசிப்பது) மட்டும்.

எந்த மூன்று? எங்கே உட்கார்ந்தால் நல்லது? முன்கூட்டியே வீட்டில் கேட்டுவிட்டுப் போகலாமா, இல்லை வெறும் காதோடு போகலாமா?

---

பக்கம்புரட்டி எழுதியது:

நான் ஒரு சிறிய சங்கத்தில் பல வருடமாகத் தன்னார்வலர். நாற்காலி போடுவேன், வாசலில் டிக்கெட் பார்ப்பேன், பியானோ வாசிப்பவருக்குப் பக்கம் புரட்டுவேன். அதனால் என் பதில் மேடை ஓரத்திலிருந்து வருவது. சங்கீத விமர்சகர்கள் யாராவது வந்து திருத்தினால் சண்டைக்கு வர மாட்டேன்.

முதல் மாலையை விடாதீர்கள். அந்த ஹைடனை முதலில் வைத்தவர் யாரோ, அவருக்கு உங்களைப் போன்றவர்கள் மனதில் இருந்திருக்க வேண்டும். அதன் இரண்டாவது மூவ்மென்ட்தான் (படைப்பின் தனித்தனிப் பகுதியை அப்படிச் சொல்வார்கள்) உங்கள் கேள்விக்கு நேரடி மருந்து. ஆஸ்திரியப் பேரரசருக்காக ஹைடன் 1797-இல் எழுதிய வாழ்த்துப்பாட்டின் மெட்டு அது. இன்றைக்கு ஜெர்மனியின் தேசிய கீதம் அதே மெட்டில்தான் இருக்கிறது, அதனால் எங்கேயோ கேட்டது போலத் தோன்றும். முதலில் மெட்டை முதல் வயலின் வாசித்துக் காட்டும். அப்புறம் நான்கு வேரியேஷன், அதாவது அதே மெட்டு ஒவ்வொரு முறையும் வேறு அலங்காரத்தோடு. மெட்டு கடைசிவரை மாறவே மாறாது, அது யார் கையில் இருக்கிறது என்பதுதான் மாறும். முதல் வேரியேஷனில் இரண்டாம் வயலின் அதை எடுத்துக்கொள்ளும், முதல் வயலின் மேலே பின்னல் போடும். வயோலாவும் செல்லோவும் வில்லை இறக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அடுத்தது செல்லோ, அதற்கடுத்து வயோலா, கடைசியில் திரும்ப முதல் வயலின். ரிலே ஓட்டத்தில் கோல் கைமாறுவது போலப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்தச் சில நிமிடங்களில் நான்கு குரலும் தனித்தனியாகக் காதில் பதிந்துவிடும். அதற்குப் பிறகு அன்று மாலை வாசிக்கிற எதுவும் ஒரே சத்தமாகக் கேட்காது.

அதிலும் அடுத்து வருவது ஷோஸ்டகோவிச் எட்டு. 1960-இல் டிரெஸ்டன் பக்கம் போயிருந்தபோது மூன்றே நாளில் எழுதியது. தன் பெயரின் எழுத்துகளை ஜெர்மன் ஸ்வரப் பெயர்களாக்கி நான்கு ஸ்வரம் வைத்திருக்கிறார்: டி, ஈ ஃபிளாட், சி, பி. தொடங்கும்போதே செல்லோ தனியாக அதை வாசிக்கும், பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக அதே நான்கு ஸ்வரத்தோடு உள்ளே வருவார்கள். ஐந்து மூவ்மென்ட், நடுவில் நிறுத்தமே கிடையாது. மொத்தம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேலே. அந்த நான்கு ஸ்வரம் திரும்பத் திரும்ப எங்கே தலைகாட்டுகிறது என்று பிடித்துக்கொண்டே போனால் போதும், நீங்கள் தொலைய மாட்டீர்கள்.

இரண்டாவதாக கிளாரினெட் மாலை. நான்கு தந்திக் கருவிகளுக்கு நடுவே ஒரே ஒரு காற்றுக்கருவி, அதனால் குரலைப் பிரித்துக் கேட்பது தானாக நடக்கும். மொசார்ட்டினது 1789, பிராம்ஸினது 1891, நூறு வருடத்துக்கு மேல் இடைவெளி. இரண்டுமே குறிப்பிட்ட ஒரு கலைஞரின் வாசிப்பைக் கேட்டு மயங்கி எழுதியவை: மொசார்ட்டுக்கு ஸ்டாட்லர், பிராம்ஸுக்கு மியூல்ஃபெல்ட். இனிமேல் எழுதுவதில்லை என்ற மனநிலையில் இருந்த பிராம்ஸை மியூல்ஃபெல்டின் வாசிப்புதான் திரும்ப மேசைக்கு இழுத்து வந்தது. மொசார்ட்டின் மூன்றாவது மூவ்மென்டான மினுவெட் என்ற நடன வடிவத்தில் இரண்டு ட்ரியோ பகுதிகள் (நடுவில் வரும் மாறுபட்ட பகுதிகள்) உண்டு. முதலாவதில் கிளாரினெட் வாசிக்கவே வாசிக்காது. அந்த நேரத்தில் வாசிப்பவர் கருவியை மடியில் வைத்துக்கொண்டு மற்ற நால்வரையும் கேட்பார். நீங்கள் அவர் முகத்தைப் பாருங்கள், எனக்கு எப்போதும் பிடித்த இடம் அது.

மூன்றாவதுக்கு என் ஓட்டு நான்காம் மாலை, ஃபிராங்குக்காக. இதில் என் தொழில்பாசமும் கலந்திருக்கிறது. ஃபிராங்க் சொனாட்டாவின் பியானோ பகுதிக்குப் பக்கம் புரட்டுவது சாதாரண வேலை இல்லை. இரண்டாவது மூவ்மென்டில் பக்கம் முழுக்கக் கறுப்பாக ஸ்வரம் கொட்டிக் கிடக்கும், கண் ஒரு வரி தவறினால் பிழைப்பு போச்சு. பியானிஸ்டின் இடது பக்கம் உட்கார்ந்து, சத்தமில்லாமல் எழுந்து, மேல் மூலையைப் பிடித்து, தலையசைப்புக்குக் காத்திருந்து புரட்ட வேண்டும். புரட்டுகிற கை அவர் பார்வையை மறைக்கக் கூடாது. இப்போது பலர் டேப்லெட்டும் கால் பெடலும் வைத்துக்கொள்கிறார்கள், எங்களைப் போன்றவர்களுக்கு வேலை குறைந்துவிட்டது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1886-இல் வயலின் கலைஞர் இசாயியின் கல்யாணப் பரிசாக ஃபிராங்க் எழுதியது அது. கடைசி மூவ்மென்டில் பியானோ ஒரு மெட்டைத் தொடங்கும், அதே மெட்டை வயலின் சற்றுப் பின்னால் பிடித்துக்கொண்டு தொடரும். இரண்டு பேர் ஒரே வாக்கியத்தைக் கொஞ்சம் முன்னும் பின்னுமாகச் சொல்கிறார்கள், இருந்தும் எங்கும் இடிக்காது. இதைக் காதால் மட்டுமே பிடித்துவிடலாம், எந்தத் தயாரிப்பும் வேண்டாம்.

ஐந்தாம் மாலையை இந்த வருடம் விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். ஓபஸ் 131 ஓடிப்போகாது.

உட்காரும் இடம்: பியானோ இருக்கும் மாலைகளில் நம் பார்வைக்கு இடது பக்கம் உட்கார்ந்தால் விரல்கள் தெரியும். குவார்டெட்டுக்கு மூன்றாவது நான்காவது வரிசை, நடுவில். முதல் வரிசை வேண்டாம், உங்களுக்கு எதிரில் இருப்பவர் மட்டும் சத்தமாகக் கேட்பார். பின்வரிசையில் எல்லாம் கலந்து இனிமையாகக் கேட்கும், ஆனால் உங்கள் புகாரே கலந்து கேட்கிறது என்பதுதானே.

---

நடுக்குரல் எழுதியது:

நான் வயோலா வாசிப்பவள், அமெச்சூர்தான். பக்கம்புரட்டி அண்ணன் சொன்னதில் பாதி சரி. ஓபஸ் 131-ஐ விடச் சொன்னதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது.

கடினமானது என்று எல்லோரும் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். அதன் தொடக்கத்தைப் போல ஒழுங்காக அறிமுகப்படுத்திக்கொள்ளும் குவார்டெட் வேறு எது? முதல் வயலின் தனியாகத் தொடங்குகிறது. அப்புறம் இரண்டாம் வயலின், பிறகு நாங்கள், கடைசியில் செல்லோ. மேலிருந்து கீழே வரிசையாக ஒவ்வொருவராக உள்ளே வருகிறார்கள், அதுவும் நிதானமாக. சன்னலோரம் கேட்டது இதைத்தானே? ஏழு மூவ்மென்ட், சுமார் நாற்பது நிமிடம், நடுவில் எங்கும் நிற்காது என்பது உண்மை. ஆனால் அந்த ஏழில் மூன்றாவது வெறும் பதினோரு பார்தான் (தாளக் கட்டம்), கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். நான்காவது பெரிய வேரியேஷன், அங்கே சாவகாசமாக உட்காரலாம்.

வாசிப்பவர்களுக்கு அந்த நிற்காமை என்ன செய்யும் என்பதையும் கவனியுங்கள். மற்ற குவார்டெட்டுகளில் மூவ்மென்ட் முடிந்ததும் தந்தியைச் சரிபார்த்துக்கொள்வோம். இதில் அதற்கு இடமே இல்லை. விளக்குச் சூட்டில் தந்தி இறங்கும், சுருதி நகரும், நால்வரும் விரலாலேயே ஈடுகட்டிக்கொண்டு கடைசிவரை போக வேண்டும். கடைசி மூவ்மென்டில் அவர்கள் முகத்தில் தெரிவது நடிப்பில்லை.

அதே மாலை பார்டோக்கும் இருக்கிறது. 1928-இல் எழுதியது. காதை விடுங்கள், கண்ணுக்கே விருந்து. இரண்டாவது மூவ்மென்ட் முழுக்க எல்லோரும் பிரிட்ஜில் (தந்திகளைத் தாங்கும் கட்டை) சத்தத்தை அடக்கும் மியூட் மாட்டிக்கொண்டு விசுவிசுவென்று ஓடுவார்கள். நான்காவதில் வில்லே கிடையாது, நால்வரும் விரலால் மீட்டுவார்கள், சில இடங்களில் தந்தி பலகையில் மோதித் தெறிக்கும் அளவுக்கு. ஹெட்போனில் கேட்டால் இது என்ன சத்தம் என்று தோன்றும். நேரில் பார்த்தால் கேள்வியே வராது.

என் மூன்று: முதல், மூன்றாம், ஐந்தாம் மாலைகள். மொசார்ட்டின் கடைசி மூவ்மென்டில் மூன்றாவது வேரியேஷன் வயோலாவுடையது, மைனரில், அழுகிற மாதிரி இருக்கும். என்றைக்கோ ஒரு நாள் எங்களுக்குக் கிடைப்பது, தயவுசெய்து அப்போது இருமாதீர்கள்.

இடம் பற்றி ஒன்று. மேடையில் நம் வலது ஓரத்தில் வயோலா உட்கார்ந்திருந்தால், கருவியின் ஒலித்துளைகள் மேடையின் பின்பக்கம் பார்த்திருக்கும், சத்தம் உங்களுக்கு நேராக வராது. சில குழுக்களில் அங்கே செல்லோவும் உள்ளே வயோலாவும் இருப்பார்கள். உள்ளே போனதும் யார் எங்கே என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்காருங்கள், எண் போட்ட இருக்கை இல்லையென்றால்.

---

சன்னலோரம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. இரண்டு பேருமே முதல் மாலையும் மூன்றாம் மாலையும் என்கிறீர்கள், அது முடிவாகிவிட்டது. மூன்றாவது இடத்துக்கு ஃபிராங்கா பீத்தோவனா என்பதுதான் பாக்கி. இன்னும் ஒன்று: கைதட்டல். மூவ்மென்ட் நடுவில் தட்டினால் திரும்பிப் பார்த்து முறைப்பார்கள் என்று ஒரு தோழி பயமுறுத்துகிறாள். முன்னால் கேட்டுவிட்டுப் போவது பற்றி யாரும் சொல்லவில்லையே?

---

இடைவேளை எழுதியது:

முறைப்பவர்கள் இருப்பார்கள், அவர்கள் ஆயுசுக்கும் முறைத்துக்கொண்டுதான் இருப்பார்கள். மொசார்ட் 1778-இல் பாரிஸிலிருந்து அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், தன் புது சிம்பொனியின் முதல் மூவ்மென்ட் நடந்துகொண்டிருக்கும்போதே ஜனங்கள் கைதட்டினார்கள் என்று பெருமையாகச் சொல்கிறார். அந்த இடம் பிடிக்கும் என்று தெரிந்தே வைத்தாராம். மௌனம் காப்பது பிற்காலத்துப் பழக்கம். எதிர்க்கோடிக்குப் போனவர் இசையமைப்பாளர் ஷோன்பெர்க். 1918-இல் வியன்னாவில் அவர் தொடங்கிய சங்கத்தில் கைதட்டவே தடை. போதாததற்கு, என்ன வாசிக்கப் போகிறார்கள் என்றும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், பிடிக்காததைத் தவிர்க்கப் பார்ப்பார்கள் என்று.

நடைமுறையில் ஒரே வழி: வில் நான்கும் கீழே இறங்கி, தோள்கள் தளரும் வரை காத்திருங்கள். ஹைடனின் ஓபஸ் 33 எண் 2 என்றைக்காவது அட்டவணையில் வந்தால் மட்டும் இந்த விதியும் உதவாது. முடிந்துவிட்டது போல நிறுத்தி நிறுத்தி வாசித்து, நீங்கள் தட்டத் தொடங்கியதும் மறுபடி ஆரம்பிப்பார்கள். வேண்டுமென்றே செய்த குறும்பு அது.

முன்னால் கேட்பது பற்றி என் கருத்து: ஒவ்வொரு மாலைக்கும் ஒரே ஒரு படைப்பைக் கேட்டுவிட்டுப் போங்கள், மற்றதைப் புதிதாக விட்டுவிடுங்கள். முழுக்கத் தெரிந்துகொண்டு போனால் பதிவில் கேட்டதோடு ஒப்பிட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பீர்கள், அது ஒரு வியாதி. குறிப்புகளை முன்னால் படிப்பது வேறு. 1845-இல் லண்டனில் ஜான் எல்லா ‘மியூசிகல் யூனியன்’ என்று ஒரு கச்சேரிச் சங்கம் தொடங்கி, வாசிக்கப்போகும் படைப்புகளைப் பற்றிய குறிப்புகளைச் சந்தாதாரர்களுக்கு முன்னதாகவே அனுப்பினார். வாசிப்பவர்களை அரங்கின் நடுவில் உட்கார வைத்துச் சுற்றிலும் ரசிகர்களை உட்கார வைத்தார். உங்கள் சங்கத்திடம் குறிப்புகளை இரண்டு நாள் முன்னால் கேட்டுப் பாருங்கள், அநேகமாகக் கொடுப்பார்கள். அதைப் படிக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தாலே எழுதியவர் சந்தோஷப்படுவார்.

---

பக்கம்புரட்டி எழுதியது:

குறிப்பு எழுதுகிறவன் என்ற முறையில் ஆமோதிக்கிறேன்.

தங்கை நடுக்குரலுக்கு: 131-இன் தொடக்கம் பற்றிச் சொன்னது நியாயம், என் ஓட்டை மாற்றிக்கொள்ளவில்லை என்றாலும். சன்னலோரம், இப்படிச் செய்யுங்கள். முதல் மாலை போய்விட்டு வாருங்கள். இடைவேளைக்குப் பிறகு ஷூபர்ட் முடியும்போது உங்களுக்கு இன்னும் வேண்டும் போல் இருந்தால் ஐந்தாம் மாலை எடுங்கள். போதும் போல் இருந்தால் ஃபிராங்க். பெரும்பாலான சங்கங்களில் மூன்றாவது தேதியைப் பிறகு குறித்துக்கொள்ள விடுவார்கள், பாஸ் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். கடைசி மாலை குயின்டெட்டைப் பற்றி நாங்கள் யாரும் பேசவில்லை என்று கவனித்திருப்பீர்கள். 1828-இல், ஷூபர்ட் இறப்பதற்குச் சில வாரம் முன்னால் எழுதி முடித்தது, 1850 வரை மேடையேறவில்லை. இரண்டு செல்லோ. பாஸில் இடமில்லை என்றாலும், அன்று வாசலில் தனி டிக்கெட் கிடைக்குமா என்று விசாரித்து வையுங்கள்.