புதுப்பிப்பு: வகுப்பறைக் கூரையில் காரை உதிர்வு, மானியம் போதாது

அரசுப் பள்ளிக் கூரையில் காரை உதிர்வதை ஒருங்கிணைந்த பள்ளி மானியத்திலேயே சரிசெய்யலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். திருத்திக்கொள்ளுங்கள். 31 முதல் 100 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய்தான். அதிலும் 10 சதவீதமாவது தூய்மைப் பணிக்கு. மிச்சம் சாக்பீஸுக்கும் கரண்ட் பில்லுக்குமே சரியாகிவிடும். கூரைக் கான்கிரீட்டின் கம்பி வெளியே தெரிந்துவிட்டால், செலவில் மூன்றில் ஒரு பங்கை ஊரில் திரட்டி, மக்கள் பங்களிப்போடு அரசு மீதியைத் தரும் நமக்கு நாமே திட்டத்தில் கேட்பது நல்லது.

பழுதுபார்ப்புக்கான செலவு மதிப்பீட்டில் வெறும் பூச்சு வேலை மட்டும் இருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கம்பியில் எடுக்காமல் விட்ட துரு ஊதி, பூச்சைத் தள்ளிவிடும். கம்பிக்குப் பின்னால் 20 மி.மீ. வரை கொத்தி, துருவைத் தேய்த்தெடுத்து, துத்தநாகப் பிரைமர் அடித்த பிறகே பாலிமர் சேர்த்த சிமென்ட் கலவையைப் பூச வேண்டும். கம்பி கால்வாசி தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் மொட்டைமாடியில் தண்ணீர் தேங்குவதை நிறுத்துங்கள். பல இடங்களில் வடிகுழாய் வாயில் சருகு அடைத்திருப்பதுதான் ஒழுகலுக்குக் காரணம்.