தேயிலைக் குழுவில் எல்லாரும் பேசுகிறார்கள், கேட்க ஆள் இல்லை. என்ன வழி?

கொழுந்து_கோத்தகிரி:
எங்கள் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு இலைப் படம் விழுந்தால் போதும், பத்து பேர் பத்து மருந்து சொல்கிறார்கள். மழை வந்தால் "ரோடு போச்சு" ஃபார்வர்டு வேறு. விஷயம் தெரிந்த பெரியவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். அட்மின் மட்டும் பேசும்படி பூட்டிவிடலாமா?

கவாத்துக்கத்தி:
பூட்டாதீங்க. மருந்துப் பெயர் சொல்லும் முன் மூன்று விவரம் வாங்கச் சொல்லுங்க: கொழுந்தா முற்றிய இலையா, இலையின் இரண்டு பக்கப் படம், கடைசியாக என்ன மருந்து எந்தத் தேதியில் அடித்தது.

கொப்புள நோய் இளம் இலையில்தான் வரும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எண்ணெய்ப் புள்ளி மாதிரி தெரியும். பிறகு மேல்பக்கம் குழிந்து அடிப்பக்கம் வெள்ளையாகப் புடைக்கும். செஞ்சிலந்தி முற்றிய இலையின் மேல்பக்கத்தில், நடுநரம்பை ஒட்டிச் செம்பழுப்பாகத் தொடங்கும். தேயிலைக் கொசு குத்தினால் கொழுந்தில் பழுப்புப் புள்ளி விழுந்து இலை சுருளும். முதலாவது பூஞ்சணம், மற்றது இரண்டும் சாறு உறிஞ்சும் சிற்றுயிர்கள். செஞ்சிலந்திக்குப் பூஞ்சண மருந்தான காப்பர் ஆக்ஸிகுளோரைடு அடித்தால் மருந்தும் கூலியும் வீண், சிலந்தி அங்கேயேதான் இருக்கும். கடைசித் தேதி கேட்காமல் மருந்து சொன்னால் மருந்தடித்த பின் பறிக்கக் காத்திருக்க வேண்டிய இடைவெளி தவறி, இலையில் மருந்து தங்கும்.

அப்படியும் பிடிபடாவிட்டால், கிளையோடு ஒடித்துக் குன்னூரில் உபாசி (தென்னிந்தியத் தோட்டக்காரர்கள் சங்கம்) நடத்தும் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டட்டும்.

ஹட்டிக்காரன்:
பெரியவர்கள் பேசாமல் இல்லை. படுக மொழியில் வாய்ஸ் மெசேஜ் போடுகிறார்கள், நாம்தான் திறப்பதில்லை. மூன்று நிமிடப் பதிவுக்கு அரை நிமிடத்தில் மறுபேச்சு வந்தால், கேட்காமல் எழுதியது என்று அவர்களுக்குத் தெரியாதா? வாரம் ஒருவர் முறை வைத்து முழுசாகக் கேட்டு, அந்தப் பதிவுக்கே ரிப்ளையாக இரண்டு வரி எழுதட்டும்: மருந்து, அளவு, நேரம். எழுதியதைச் சொன்னவரிடமே காட்டிச் சரிபார்க்கணும். அளவில்தான் பிசகும். ஹெக்டேர் கணக்கை ஏக்கர் என்று எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து விழும்.

மலைப்பாதை:
ரோடு செய்திக்கு வேறு கட்டுப்பாடு வேணும். இடம், நேரம், கண்ணால் பார்த்தவர் யார், இந்த மூன்றும் இல்லாததை யாரும் போடக் கூடாது. இரட்டை அம்புக்குறியோடு வருவது பல கை மாறி வந்தது. 2009 நவம்பர் நீலகிரி மண்சரிவுப் படம்கூட, குன்னூர்–மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கும் மரப்பாலத்தில் இன்று எடுத்தது என்று சுற்றும். சந்தேகமிருந்தால் 1077, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை.

கொழுந்து_கோத்தகிரி:
அப்போ கனமழை அன்று மட்டும் பூட்டலாமா அண்ணா?

மலைப்பாதை:
அன்றைக்குத்தான் பூட்டவே கூடாது. சிக்கிக்கொண்டவருக்கு வாய் இருக்காது. பூட்டியே ஆகணும் என்றால் முதலில் ஊருக்கு ஒருவரை அட்மின் ஆக்கி, அவர் நம்பரைக் குழு விவரத்தில் போட்டுவிட்டுப் பூட்டுங்க. மழை விட்டதும் மறக்காமல் திறந்துவிடணும்.